பயிற்சி மருத்துவர்கள் யாரிடம் போய்ச் சொல்வார்கள்?

ஆசிரியருக்கு வணக்கம். என் மகள் ஒரு அரசு மருத்துவமனையில் ஹவுஸ் சர்ஜன். போன மாதம் ரவுண்ட்ஸில், ஒரு ரத்தப் பரிசோதனை முடிவு வந்து சேரவில்லை என்பதற்காக சீனியர் மருத்துவர் கேஸ் ஷீட்டைத் தரையில் வீசி, "உனக்கெல்லாம் யார் சீட் கொடுத்தது?" என்று நோயாளிகள் முன்னால் கத்தியிருக்கிறார். சிதறிய தாள்களை அவளோடு சேர்ந்து பொறுக்கியது பக்கத்துப் படுக்கைப் பாட்டி மட்டும்தான். என் மகள் முந்தின நாள் காலையிலிருந்து தூங்கவே இல்லை.

2024-இல் கொல்கத்தா ஆர்.ஜி.கர் மருத்துவமனையில் முதுநிலைப் பயிற்சி மருத்துவர் கொல்லப்பட்டபோது நாடே கொதித்தது. மருத்துவர்களைத் தாக்கினால் தண்டிக்க இங்கே தமிழ்நாட்டில் 2008-லேயே சட்டம் வந்துவிட்டது, ராகிங்குக்கு 2021 விதிமுறைகள் இருக்கின்றன. சரி, மேலே இருப்பவரே தினமும் அவமானப்படுத்தினால்? புகாரை வாங்குபவர் அவருடைய நண்பர், பயிற்சியை முடித்ததற்குக் கையெழுத்துப் போட வேண்டியவரும் அவரேதான், அப்புறம் எந்தப் பிள்ளை வாய் திறக்கும்?

தப்பைச் சுட்டிக்காட்டித் திட்டட்டும், அது வேறு. அந்தத் துறைக்குச் சம்பந்தமில்லாத ஒருவர் புகாரை வாங்கி விசாரிக்கட்டும், முடியும்வரை அந்தப் பிள்ளையை வேறு யூனிட்டுக்கு மாற்றட்டும். மருத்துவக் கல்வி இயக்குநரகம் இதை உடனே செய்ய வேண்டும்.

– ஒரு பயிற்சி மருத்துவரின் அம்மா