ஃபிரஸ்னோவிலிருந்து அப்பாவுக்கு

ஃபிரஸ்னோ, கலிபோர்னியா
9 பிப்ரவரி 2025

அன்புள்ள அப்பாவுக்கு,

இங்கு நாங்கள் நலம். உங்கள் நலமும் அம்மாவின் நலமும் அறிய ஆவல்.

போன ஞாயிற்றுக்கிழமை நான் சிறைக்குப் போய்ப் பாடம் நடத்துவதைச் சொன்னதும், “கள்ளனுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுக்கவா கடல் தாண்டிப் போனாய்?” என்று ஒரே ஒரு கேள்வி கேட்டுவிட்டுத் தொலைபேசியை அம்மாவிடம் கொடுத்துவிட்டீர்கள். அம்மா கறிவேப்பிலை, பேத்தியின் சளி என்று பேச்சை மாற்றிவிட்டார்கள். வாயால் சொன்ன விடைக்கு மதிப்பெண் இல்லை, படிகளை எழுதிக் காட்டு என்பது வகுப்பில் உங்கள் வழக்கம் அல்லவா? அதனால் எழுதுகிறேன். இரண்டு ஆண்டுகளாக இதை உங்களிடம் மறைத்தது தவறுதான். அதற்கு முதலில் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன்.

என் வேலை என்ன என்பதையே நான் உங்களுக்குச் சரியாகச் சொன்னதில்லை. உறவினர்களிடம் ‘காலேஜ் புரொபசர்’ என்று நீங்கள் சொல்லும்போதெல்லாம் எனக்குக் கூச்சமாக இருக்கும். நம் ஊர் அரசுக் கல்லூரிகளில் மே மாதச் சம்பளம் இல்லாமல் காலம் தள்ளும் கௌரவ விரிவுரையாளர்களை நீங்கள் அறிவீர்கள். நான் அவர்களுக்கு இந்த ஊர் ஒன்றுவிட்ட தங்கை. ஒரு கல்லூரி நிர்வாகத்தின் கீழ் முழுநேர ஆசிரியரின் பாடச்சுமையில் 67 சதவீதத்துக்கு மேல் பகுதிநேர ஆசிரியருக்குத் தரக்கூடாது என்பது இம்மாநிலச் சமுதாயக் கல்லூரிகளுக்கான (பெரும்பாலும் இரண்டாண்டுப் படிப்புத் தரும் அரசுக் கல்லூரிகள்) சட்டம். ஆகவே ஒரே இடத்தில் உழைத்து முழுச் சம்பளம் பெற வழியில்லை. இரண்டு மூன்று கல்லூரிகளுக்கு இடையே கார் ஓட்டிக்கொண்டே இருக்க வேண்டும். எங்களை ‘ஃப்ரீவே ஃப்ளையர்’, அதாவது நெடுஞ்சாலையில் பறப்பவர்கள், என்று கேலியாகச் சொல்வார்கள். சிறைக்குள் நடக்கும் புள்ளியியல் வகுப்பு எனக்குக் கிடைத்ததற்குக் காரணம் என் திறமையோ கருணையோ அன்று. போக அறுபது மைல், வர அறுபது மைல், பயணத்துக்குத் தனிக் கூலி இல்லை. வேறு எவரும் முன்வரவில்லை. மூன்றாவதாக இந்த ஒரு வகுப்பு இல்லாவிட்டால் எங்கள் வீட்டு வாடகை இடித்தது. உயர்ந்த காரணம் ஏதேனும் சொல்லி உங்களைச் சமாதானப்படுத்தலாம். ஆனால் முதல் நாள் நான் அங்கே போனது இதற்காகத்தான்.

இந்த மத்தியப் பள்ளத்தாக்கில் இப்போது பாதாம் தோட்டங்கள் பூக்கத் தொடங்கும் பருவம். வழிநெடுக வெள்ளை வெளேரென்று இருக்கப்போகிறது. அம்மா பார்த்தால் வண்டியை விட்டு இறங்கவே மாட்டார்கள். டிசம்பரிலும் ஜனவரியிலும் தரையோடு படியும் ‘டூலி’ மூடுபனிதான் கொடுமை. முன்னே போகும் லாரியின் பின்விளக்கைப் பிடித்துக்கொண்டே ஊர்ந்து போக வேண்டும். கோடையில் புழுதி, அந்தப் புழுதியில் உள்ள பூஞ்சையால் ‘வேலி ஃபீவர்’ என்னும் நுரையீரல் நோய் வருகிறது, கைதிகளில் பலர் அதனால் அவதிப்பட்டிருக்கிறார்கள். தோட்டங்கள் முடிந்து ஒன்றுமில்லாத வெளியில் திடீரென்று உயரமான விளக்குக் கம்பங்கள் தெரியும். நம் பாளையங்கோட்டை மத்தியச் சிறை போல ஊருக்கு நடுவே பேருந்திலிருந்து பார்க்கக்கூடிய மதில் அன்று இது. யாரும் தற்செயலாகக் கடந்து போக முடியாத இடத்தில் வைத்திருக்கிறார்கள்.

உள்ளே போகும் முன் ஒரு தாளில் கையெழுத்து வாங்கினார்கள். என்னைப் பணயமாகப் பிடித்துக்கொண்டு கைதிகள் விடுதலை கேட்டால் அரசு பேரம் பேசாது என்பதை நான் அறிவேன் என்று அதில் இருந்தது. இதை அம்மாவிடம் படித்துக் காட்ட வேண்டாம். கைதிகளின் உடை நீலம் என்பதால் நாங்கள் அந்த நீலம் உடுத்தக்கூடாது. அம்மா எடுத்துத் தந்த மயில்நீலச் சுடிதார் அதனால்தான் அலமாரியிலேயே இருக்கிறது. கைபேசி காரிலேயே கிடக்கும். புத்தகங்களை ஒளிபுகும் பிளாஸ்டிக் பையில் கொண்டுபோக வேண்டும். ஒரு கதவு மூடிய பிறகே அடுத்த கதவு திறக்கும் சிறு கூண்டு ஒன்று உண்டு. அந்த இரண்டு கதவுகளுக்கும் இடையே நிற்கும் அரை நிமிடம் இன்றைக்கும் எனக்குப் பழகவில்லை. இடுப்பில் ஓர் அபாய மணிக் கருவியை மாட்டிவிடுவார்கள். முதல் மாதத்திலேயே எங்கோ ஒரு மணி அலறியது. முற்றத்தில் நடந்துகொண்டிருந்த அத்தனை பேரும் நின்ற இடத்திலேயே தரையில் உட்கார்ந்துவிட, நான் மட்டும் மைதானத்தின் நடுவில் நட்டு வைத்த கம்பம் போல நின்றுகொண்டிருந்தேன்.

என் வகுப்பில் இருபத்தெட்டுப் பேர். மிக இளையவருக்கு இருபத்து மூன்று வயது, மூத்தவருக்கு அறுபத்தேழு. முற்றத்தில் கறுப்பர், வெள்ளையர், மெக்சிகோ வழிவந்தவர் என்று ஒவ்வோர் இனத்துக்கும் தனி மேசை, தனி மூலை. மாற்றி உட்கார்ந்தால் வம்பு வரும். வகுப்பறையில் மட்டும், பின்னத்தை வகுக்கத் தெரிந்தவன் எவனோ அவன் பக்கத்தில் எல்லோரும் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொள்கிறார்கள்.

இப்படி ஒரு வகுப்பு எப்படி வந்தது என்று கேட்பீர்கள். 1994 இல் அமெரிக்க நாடாளுமன்றம் ஒரு குற்றச் சட்டத்தின் வழியாகச் சிறைவாசிகளுக்கான ‘பெல்’ கல்வி உதவித்தொகையை நிறுத்தியது. நாடெங்கும் சிறைக் கல்லூரி வகுப்புகள் மடமடவென்று மூடப்பட்டன. கலிபோர்னியாவில் 2014 இல் வந்த ஒரு சட்டத்துக்குப் பிறகுதான் சமுதாயக் கல்லூரிகள் சிறைக்குள் நேரில் பாடம் நடத்தி அதற்கு மாநில நிதி பெற முடிந்தது. நின்றுபோன அந்த உதவித்தொகையும் 2023 ஜூலை 1 முதல் நாடு முழுவதும் மீண்டும் கிடைக்கிறது. ஆகவே நான் செய்வது தருமகாரியம் அன்று, அரசு சம்பளம் கொடுக்கும் சாதாரண வேலை.

சென்ற பருவத்தில் நடந்த ஒன்றை மட்டும் விரிவாக எழுதுகிறேன். இது உங்களுக்குப் பிடிக்கும். ராண்ட் என்னும் ஆய்வு நிறுவனம் 2013 இல் வெளியிட்ட ஓர் அறிக்கையைப் பாடமாக வைத்தேன். சிறையில் கல்வி பெற்றவர்கள் விடுதலையான பின் மீண்டும் குற்றத்துக்குத் திரும்புவது 43 சதவீதம் குறைவு என்று அதை எல்லோரும் மேற்கோள் காட்டுவார்கள். அந்த 43 எதைக் குறிக்கிறது என்று கேட்டேன். ஒரு மணி நேரம் தட்டுத்தடுமாறி, அது திரும்புவோருக்கும் திரும்பாதோருக்கும் உள்ள விகிதத்தில் ஏற்படும் குறைவு, நூற்றுக்கு எத்தனை பேர் என்ற கணக்கில் பார்த்தால் வித்தியாசம் சுமார் 13 புள்ளிகள் என்ற இடத்துக்கு வந்து சேர்ந்தார்கள். அவ்வளவுதான் என் பாடம். அப்போது பின் வரிசையில் இருந்த அறுபத்தேழு வயதுக்காரர் கையைத் தூக்கி, “வகுப்பில் பெயர் கொடுப்பவன் ஏற்கெனவே மாற வேண்டும் என்று முடிவு செய்தவன்தானே? அவனைப் பெயரே கொடுக்காதவனோடு ஒப்பிட்டால் பெருமை படிப்புக்கா, அவனுக்கா?” என்று கேட்டார். அப்பா, ஆய்வாளர்கள் அந்த அறிக்கையில் மிகவும் பாடுபட்டு ஈடுகட்ட முயன்ற சிக்கலே அதுதான். இவருக்கு யாரும் அதைச் சொல்லித் தரவில்லை. வெளியே நான் நடத்தும் வகுப்புகளில், ‘இது தேர்வில் வருமா?’ என்பதைத் தாண்டி ஒரு கேள்வி வருவதற்குச் சில வாரங்கள் காத்திருக்க வேண்டியிருக்கிறது.

நல்லதை மட்டும் எழுதினால் நீங்கள் நம்பமாட்டீர்கள். எங்களுக்குள் எழுதப்படாத விதி ஒன்று உண்டு: யார் என்ன குற்றம் செய்தார் என்று கேட்கக்கூடாது, தேடவும் கூடாது. தேடினால் கிடைத்துவிடும், வழக்குகள் பழைய செய்தித்தாள்களில் கிடக்கின்றன. ஓர் இரவு, மிக ஒழுங்காக வீட்டுப்பாடம் எழுதும் ஒருவரின் பெயரை நான் கணினியில் தட்டிவிட்டேன். கொலை. இறந்தவர் ஒரு சின்னக் கடை வைத்திருந்தவர்; படத்தில் பெரியப்பாவின் சாயல் அப்படியே இருந்தது. மறுநாள் அந்த மாணவரின் விடைத்தாளைத் திருத்தி இருபதுக்குப் பதினொன்று போட்டேன். ஒரு வாரம் மனம் ஒப்பாமல் மறுபடியும் எடுத்துப் பார்த்தபோது பதினாறு வந்தது. ஐந்து மதிப்பெண் எங்கே போயிற்று என்று எனக்குத் தெரியும், அப்பா.

அப்போது உங்கள் நினைவுதான் வந்தது. பன்னிரண்டாம் வகுப்பு விடைத்தாள் திருத்தும் மையத்துக்குப் போய்விட்டு வந்து, பதிவெண்ணைக் கிழித்துவிட்டு டம்மி எண் போட்டுத் தருகிறார்கள், எவன் வீட்டுப் பிள்ளை என்று தெரியாததால் நிம்மதியாகத் திருத்துகிறேன் என்று சொல்வீர்களே! அன்றிலிருந்து என் மாணவர்களும் விடைத்தாளில் பெயர் எழுதுவதில்லை. குலுக்கி எடுத்த எண்ணைத்தான் எழுதுகிறார்கள். காரணம் கேட்டார்கள், என் அப்பாவின் ஊர் வழக்கம் என்றேன். அதுகூட விதிமீறல்தான், சொந்த விஷயங்களைப் பேசக்கூடாது, பொங்கலுக்கு ஒரு துண்டு வெல்லம்கூடக் கொடுக்கக்கூடாது. ஆனால் இருபத்தெட்டே பேர் என்பதால் கையெழுத்தை வைத்தே ஆள் தெரிந்துவிடுகிறது. அந்தக் கடைக்காரரின் வீட்டார் என்னைப் பார்த்தால் நீங்கள் கேட்ட அதே கேள்வியைத்தான் கேட்பார்கள். அவர்களுக்குச் சொல்ல என்னிடம் விடை இல்லை. வ.உ.சி.யை 1908 இல் நம் ஊர்ச் சிறையில்தான் முதலில் அடைத்தார்கள், சிறையில் இருந்தபடியே அவர் நூல்கள் எழுதினார் என்றெல்லாம் சொல்லி உங்களை மடக்கவும் நான் விரும்பவில்லை. இவர்கள் தேசத்துக்காக உள்ளே போனவர்கள் அல்லர்.

என் படிப்பைப் பற்றியும் கேட்டிருந்தீர்கள். மாநிலப் பல்கலைக்கழகத்தில் கல்வியியல் முனைவர் பட்டத்துக்கு மாலை வகுப்புகளில் படிக்கிறேன். அது முடிந்தால் முழுநேர வேலைக்கு ஒரு படி அருகில் போகலாம் என்பது எண்ணம். பிள்ளை தூங்கிய பிறகு ஒன்பதரைக்கு உட்கார்ந்தால் பன்னிரண்டு வரை. உங்கள் மாப்பிள்ளைதான் சமையலில் பாதியைப் பார்த்துக்கொள்கிறார். ரசம் மட்டும் அவருக்கு வரவே இல்லை. கைதிகளையே ஆய்வுப் பொருளாக்கலாமே என்று எல்லோரும் சொல்கிறார்கள். அது அவ்வளவு எளிதன்று. பிலடெல்பியாவின் ஹோம்ஸ்பர்க் சிறையில் 1950களிலிருந்து 1974 வரை கைதிகளின் தோலில் மருந்துகளையும் வேதிப்பொருள்களையும் தடவிச் சோதித்தார்கள். அத்தகைய கொடுமைகள் வெளியே வந்த பிறகு, 1978 முதல் கைதிகளை வைத்துச் செய்யும் ஆய்வுகளுக்கு மத்திய அரசின் தனிக் கட்டுப்பாடுகள் உண்டு. அடைபட்டவன் ‘சம்மதம்’ என்று சொன்னால் அது உண்மையான சம்மதம்தானா என்பதுதான் கேள்வி. அது நியாயம் என்றே எனக்கும் படுகிறது. ஆகவே என் ஆய்வு என்னைப் போன்ற பகுதிநேரக் கணித ஆசிரியர்களைப் பற்றியது.

கடைசியாக ஓர் உதவி வேண்டும். அக்டோபரில் ஏதோ சண்டை நடந்து இரண்டு வாரம் ‘லாக்டவுன்’; எல்லோரும் அறைக்குள்ளேயே அடைபட்டிருந்தார்கள். பயிற்சித் தாள்களை மட்டும் உள்ளே அனுப்பினோம். கால்குலேட்டர்கள் வகுப்பறை அலமாரியில் எண்ணிப் பூட்டி வைக்கப்படுபவை. ஒருவர் கையிலும் இல்லை. திட்ட விலக்கம் காண வர்க்கமூலம் எடுக்க வேண்டுமே என்று நான் யோசிக்கவே இல்லை. ஒருவர் மூன்று பக்கம் நிறையப் பெருக்கல் போட்டு அனுப்பியிருந்தார்: 4.6 ஐ 4.6 ஆல், பிறகு 4.7 ஐ 4.7 ஆல், இடையே 4.65 என்று நெருங்கி நெருங்கிப் போயிருக்கிறார். கையால் எடுக்க வேறு வழி உண்டா என்று தாளின் ஓரத்தில் கேட்டிருந்தார். திண்ணையில் உட்கார்த்தி நீங்கள் சொல்லிக்கொடுத்த நீள்வகுத்தல் முறை எனக்குப் பாதி மறந்துவிட்டது. இலக்கங்களை இரண்டிரண்டாகப் பிரிப்பது வரை வருகிறது, ஈவை இரட்டித்த பிறகு தடுமாறுகிறேன். இணையத்தில் இருக்கிறதுதான். ஆனாலும் நீங்களே ஒரு கணக்கை எடுத்துப் படிப்படியாக எழுதி அனுப்புங்கள். எண்கள் அங்கும் இங்கும் ஒன்றுதானே, இவர்களுக்குத் தமிழ் தெரியாவிட்டாலும் படிகள் புரியும். தசமப் புள்ளிக்குப் பின் இரண்டு இலக்கம் வரும் கணக்காக இருக்கட்டும். கண் அறுவைக்குப் பிறகு உங்கள் எழுத்து சிறுத்துவிட்டது என்று அம்மா சொன்னார்கள். கொஞ்சம் பெரிதாகவே எழுதுங்கள், இருபத்தெட்டு நகல் எடுக்க வேண்டும்.

இப்படிக்கு,
உங்கள் அன்பு மகள்