எஸ்எஸ்டி நிறுவனங்களுக்கு: தாமதத்தையும் பெட்டியில் அச்சிடுங்கள்

எஸ்எஸ்டி தயாரிக்கும் நிறுவனங்களின் பொறுப்பாளர்களுக்கு,

வணக்கம்.

போன வாரம் ஒரு மருந்துக் கடையின் பில்லிங் கணினியில் உங்களில் ஒருவருடைய சாட்டா எஸ்எஸ்டியை, அதாவது பழைய சாட்டா இணைப்பில் வேலை செய்யும், சுழலும் தட்டு இல்லாத சேமிப்பு டிரைவை, போட்டுக் கொடுத்தேன். அதே மாடலை முன்பு பலருக்குப் போட்டிருக்கிறேன், புகார் வந்ததில்லை. இந்த முறை பில்லை சேவ் செய்தாலே திரை உறைந்துவிடுகிறது. சாயங்காலக் கூட்டம், காய்ச்சல் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு ஓர் அம்மா நிற்கிறார், கடைக்காரர் என்னைப் பார்க்கிறார். திறந்து பார்த்தேன். டிரைவை இயக்கும் கன்ட்ரோலர் சிப் வேறு, தற்காலிக நினைவகமான டிராம் சிப்பே இல்லை. மாடல் பெயர் மட்டும் அதேதான். பெட்டியில் பெரிய எழுத்தில் "விநாடிக்கு 550 எம்பி வரை".

அந்த எண் பொய்யில்லை. ஆனால் அது பெரிய கோப்பை வரிசையாகப் படிக்கும் வேகம். பில் என்பது சில கேபிதான். ஒவ்வொரு பில்லுக்கும் டேட்டாபேஸ், "எழுதியாயிற்று" என்று டிரைவ் சொல்லும்வரை காத்திருக்கிறது. டிராம் இல்லாததால், எந்தத் தரவு எங்கே இருக்கிறது என்ற அட்டவணையையே பல நேரம், தரவைச் சேமிக்கும் மெதுவான ஃப்ளாஷ் சிப்பிலிருந்து படிக்க வேண்டும். எழுதுவதை முதலில் வேகமாக வாங்கிக்கொள்ளும் எஸ்எல்சி கேஷ் பகுதி நிரம்பியிருந்தால் மெதுவான செல்களில் நேரடியாக எழுத வேண்டும். காலி பிளாக் (ஃப்ளாஷில் ஒரே தடவையில் அழிக்கப்படும் பகுதி) இல்லையென்றால், இருப்பதை நகர்த்தி, ஒரு பிளாக்கை அழித்துவிட்டுத்தான் எழுத முடியும். அழிப்பதற்கே மில்லிவிநாடிகள் ஆகும். மின்சாரம் மிச்சம் பிடிக்கத் தூங்கும் சாட்டா இணைப்பு ஸ்லம்பர் என்னும் ஆழ்ந்த தூக்க நிலையிலிருந்து விழிக்க, தரவிதி 10 மில்லிவிநாடி வரை அனுமதிக்கிறது. நிமிடத்துக்கு 7200 முறை சுழலும் (7200 ஆர்பிஎம்) பழைய ஹார்ட் டிஸ்க்கே ஒரு முழுச் சுற்றை 8.33 மில்லிவிநாடியில் முடித்துவிடும்!

வாடிக்கையாளர் சேவையில் கேட்டால், "என்விஎம்இ (சாட்டாவைவிட வேகமான புதிய வகை எஸ்எஸ்டி இணைப்பு) வாங்குங்கள்" என்கிறார்கள். சரி, சாட்டா டிரைவோடு கணினி பேசும் முறையான ஏஹெச்சிஐ-யில் 32 கட்டளைகள் கொண்ட ஒரே வரிசை, 2011-இல் வந்த என்விஎம்இ-யில் ஆயிரக்கணக்கான வரிசைகள். கட்டளை போய்ச் சேரும் பாதையில் தாமதம் குறையும், உண்மைதான். ஆனால் பாதையின் கடைசியில் இருப்பது அதே மலிவான ஃப்ளாஷ் என்றால் கடைக்காரருக்கு என்ன பயன்? அவருடைய பழைய மதர்போர்டில் அதற்கு இடமும் இல்லை. சிறு கடைக்காரர்கள் கேள்வி கேட்க மாட்டார்கள் என்று நினைத்துவிட்டீர்களா?

இந்தத் தாமதத்தை உங்களால் அளக்க முடியாது என்றும் இல்லை. டேட்டா சென்டர்களுக்கு விற்கும் டிரைவ்களின் டேட்டாஷீட்டில் உங்களில் பலர் 99.99 சதவீத அளவு வரைக்கும் (பத்தாயிரம் கட்டளைகளில் 9,999 எவ்வளவு நேரத்துக்குள் முடியும் என்று) அதைக் குறிப்பிடுகிறீர்கள். எங்களுக்கும் அதையே கொடுங்கள். கேஷ் நிரம்பிய பிறகு 4 கேபி எழுத எவ்வளவு நேரம் ஆகிறது என்று வேகத்துக்குப் பக்கத்திலேயே, அதே அளவு எழுத்தில் அச்சிடுங்கள். உள்ளே பாகத்தை மாற்றினால் மாடல் பெயரையும் தயவுசெய்து மாற்றுங்கள்.

இப்படிக்கு,
கணினி பழுதுபார்க்கும் ஒருவன்