கண்ணிப் படம் மட்டும் போதாது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மின்சாரம் நின்ற பிறகும் பதிவை இழக்காத ஃபெரோஎலெக்ட்ரிக் நினைவகம் பற்றி அண்மையில் தங்கள் நாளிதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். பன்னிரண்டு ஆண்டுகளாக, இந்த நினைவகத்தில் பதிவைத் தாங்கும் மின்தேக்கிகளில் ஊசி வைத்து மின்னோட்டம் அளப்பதே என் வேலை. கட்டுரையுடன் வந்த தயக்கக் கண்ணிப் படத்தையே, அதாவது மின்னழுத்தத்தை ஏற்றி இறக்கும்போது மின்னூட்டம் போன வழியே திரும்பாமல் வரையும் மூடிய வளைகோட்டையே, முழுச் சான்றாகச் சொல்லியிருந்ததை என்னால் ஏற்க முடியவில்லை.

மின்னழுத்தத்தைத் திருப்பும்போது ஓடுவது ஒரே மின்னோட்டம் அல்ல. படிகத்துக்குள் முனைவாக்கம், அதாவது நேர், எதிர் மின்னூட்டங்கள் சற்று விலகி ஒரு திசை நோக்கி நிற்கும் நிலை, புரள்வதால் வருவது ஒன்று. நினைவு என்பது அதுதான். எந்த மின்தேக்கியும் நிரம்பும்போது இழுப்பது இன்னொன்று. மூன்றாவது, கசிவு. மூன்றும் கலந்தே அலைகாட்டிக்கு வருகின்றன. அந்த மொத்தத்தைக் கூட்டி வரைந்தால் வெறும் கசிவுகூடக் கண்ணியாகத் தெரியும். வாழைப்பழத் தோலும் இப்படிக் கண்ணி தரும் என்று 2008இல் இயற்பியலாளர் ஜே. எஃப். ஸ்காட் அளந்தே காட்டினார்.

எனக்கும் அது நேர்ந்தது. 10 நானோமீட்டர் தடிமனுள்ள ஹாஃப்னியம் ஆக்சைடு படலத்தில் பருத்த கண்ணி ஒன்று கிடைத்தது. உடன் வேலை செய்பவர்களை அழைத்துக் காட்டினேன். மறுநாள் முதலில் எதிர்த்திசையில் ஒரு மின்னழுத்தத் துடிப்பு கொடுத்துவிட்டு, பிறகு நேர்த்திசையில் அடுத்தடுத்து இரண்டு கொடுத்தேன். நேர்த்திசையின் முதல் துடிப்பிலேயே முனைவாக்கம் புரண்டிருந்தால், இரண்டாவதில் புரள ஒன்றும் மிஞ்சாது. மின்னோட்ட முகடு தாழ வேண்டும். தாழவில்லை. இரண்டு கோடுகளும் ஒன்றின்மேல் ஒன்றாகப் படிந்தன. நுண்ணோக்கியில் பார்த்தேன். இறங்கிய ஊசி முன்னோக்கி வழுக்கி, தங்க மின்முனையில் மயிரிழை போல ஒரு கீறல் போட்டிருந்தது. பருத்த கண்ணி அந்த இடத்துக் கசிவுதான். பக்கத்து மின்முனையில் ஊசியை மெல்ல இறக்கி அளந்தபோது கண்ணி ஒல்லியாக வந்தது. ஆனால் இரண்டாவது முகடு தாழ்ந்தது. அந்த ஒல்லிக் கண்ணிதான் உண்மை.

அளவுகளும் சொல்லப்பட வேண்டும். பக்கத்துக்கு 100 மைக்ரோமீட்டர் உள்ள சதுர மின்முனையில் சதுர சென்டிமீட்டருக்கு 40 மைக்ரோகூலும் புரண்டால், மொத்த மின்னூட்டம் 4 நானோகூலும்தான். 10 மைக்ரோநொடியில் புரண்டால் சராசரி மின்னோட்டம் 0.4 மில்லிஆம்பியர்; மெதுவாகப் புரட்டினால் இன்னும் குறையும். புரளும் மின்னூட்டம் பெரிதாக மாறாது. கசிவோ நேரம் நீள நீளச் சேர்ந்துகொண்டே போகும்.

ஆகவே, அடுத்த முறை இத்தகைய படத்தை வெளியிடும்போது மின்முனையின் பரப்பு, அளந்த அதிர்வெண், இரட்டைத் துடிப்பின் முடிவு ஆகிய மூன்றையும் ஆய்வாளர்களிடம் கேட்டு உடன் அச்சிடுமாறு வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
ஆய்வகத் தொழில்நுட்பப் பணியாளர் ஒருவர்