செடி வாடும் காரணம் குழாயில் இருக்கிறது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். உங்கள் ஞாயிறு இணைப்பில், மீன்தொட்டிக்குள் உயிர்ச்செடி வளர்ப்பது பற்றி வந்த கட்டுரையைப் படித்தோம். படங்கள் அழகு. ஆனால் கரியமில வாயு சிலிண்டர் இல்லாமல் செடியே வராது என்றும், மாதம் ஒருமுறை தொட்டியைக் காலி செய்து கழுவ வேண்டும் என்றும் அதில் எழுதியிருந்தது. இரண்டும் தவறு. அதைவிடப் பெரிய குறை, தண்ணீரைப் பற்றி ஒரு வரிகூட இல்லாதது. வேறு ஊருக்கு எழுதிய குறிப்பை அப்படியே பெங்களூருக்குப் போட முடியாது. இங்கே ஒரே தெருவில் மூன்று விதமான தண்ணீர் வருகிறது.

முதலாவது காவேரி. தொரேகாடனஹள்ளியிலிருந்து சுமார் 100 கிலோமீட்டர் ஏற்றிக் கொண்டுவரப்படும் ஆற்று நீர். செடிக்கு இதைவிட நல்லது இந்த ஊரில் கிடையாது. இதில் பார்க்க வேண்டியது குளோரின் மட்டும். அகன்ற வாளியில் ஒரு நாள் திறந்து வைத்தால் பெரும்பாலும் போய்விடும். அவசரமென்றால் 100 மில்லி தண்ணீரில் 10 கிராம் சோடியம் தயோசல்ஃபேட் கரைத்து வைத்துக்கொண்டு, 10 லிட்டருக்கு 1 மில்லி விட்டால் போதும்.

இரண்டாவது போர் தண்ணீர். டேங்கர் லாரியில் வருவதும் பெரும்பாலும் இதுதான். லிட்டருக்கு 300, 400 மில்லிகிராம் கடினத்தன்மை சாதாரணமாக இருக்கும். சில இடங்களில் நைட்ரேட்டும் குடிநீருக்கான 45 மில்லிகிராம் வரம்பைத் தாண்டிவிடும். பலர் பயப்படுகிற அளவுக்கு இது மோசமில்லை. வாலிஸ்னேரியா இதில் புல் மாதிரி படரும், ஏனென்றால் தண்ணீரில் உள்ள பைகார்பனேட்டிலிருந்தே அது தனக்கு வேண்டிய கார்பனை எடுத்துக்கொள்ளும். அனுபியாஸ், ஜாவா ஃபெர்ன், அமேசான் ஸ்வோர்ட், ஹார்ன்வோர்ட் எல்லாம் தாங்கும். நம் நீர்ப்பிரமியும் தாங்கும். தாங்காதது ரோட்டாலா மாக்ராண்ட்ரா போன்ற சிவப்புத் தண்டுச் செடிகள். மேற்குத் தொடர்ச்சி மலை ஓடைகளில் தானாக வளர்கிற செடி அது. பக்கத்து மலையிலிருந்து வந்ததுதான், ஆனால் நம் போர் தண்ணீர் அதற்கு ஆகாது.

மூன்றாவதுதான் ஆளை ஏமாற்றுவது: அடுக்குமாடிக் குடியிருப்பின் சாஃப்ட்னர் தண்ணீர். சோப்பு நன்றாக நுரைக்கும், குழாயில் வெள்ளைப் படிவு இருக்காது, அதனால் நல்ல தண்ணீர் என்று நம்பித் தொட்டியில் ஊற்றுகிறார்கள். உப்பு மூட்டை போட்டு ஓட்டும் அந்த இயந்திரம் கால்சியத்தையும் மக்னீசியத்தையும் பிடித்து வைத்துக்கொண்டு, பதிலுக்குச் சோடியத்தை விடுகிறது. 300 மில்லிகிராம் கடினத்தன்மை போனால், லிட்டருக்கு ஏறக்குறைய 138 மில்லிகிராம் சோடியம் ஏறியிருக்கும். புதுக் கொழுந்து சுருண்டு, முறுக்கிக்கொண்டு, நுனி கருகி நிற்பது கால்சியம் இல்லாததால். இதைப் பார்த்து இரும்புச் சத்து, உரம், சிலிண்டர் என்று ஒவ்வொன்றாக வாங்கிப் போடுகிறவர்கள் அதிகம். கரைந்த உப்பின் மொத்த அளவைக் காட்டும் டி.டி.எஸ். மீட்டரும் இங்கே உதவாது. உப்பு வகை மாறியிருக்கிறதே தவிர, மொத்த அளவு குறையவில்லை.

கண்டுபிடிக்க எளிய வழி, சொட்டு விட்டுப் பார்க்கும் ஜி.எச். (கால்சியம், மக்னீசியத்தின் அளவு), கே.எச். (பைகார்பனேட்டின் அளவு) சோதனைப் புட்டிகள். பெரும்பாலான வகைகளில் 5 மில்லி தண்ணீரில் நிறம் மாற எத்தனை சொட்டு ஆகிறதோ அத்தனை டிகிரி. ஒரு டிகிரி என்பது லிட்டருக்குச் சுமார் 18 மில்லிகிராம். ஜி.எச். 1, கே.எச். 12 என்று வந்தால் அது சாஃப்ட்னர் தண்ணீர்தான். செடிக்கு ஜி.எச். 4 முதல் 8, கே.எச். 2 முதல் 5 இருந்தால் நிம்மதி.

சாஃப்ட்னருக்கு முன்னால் பிரியும் குழாய் எது என்று பிளம்பரிடம் கேளுங்கள். தோட்டக் குழாய் இருக்கிறதே என்று அதில் பிடித்துவிடாதீர்கள். பல குடியிருப்புகளில் அது கழிவுநீரைச் சுத்திகரித்து விடுகிற குழாய். சாஃப்ட்னரில் போகாத போர் தண்ணீர் ஒரு பங்கும் ஆர்.ஓ. தண்ணீர் இரண்டு பங்கும் கலந்தால் 400 மில்லிகிராம் சுமார் 135-க்கு இறங்கிவிடும். போர் தண்ணீர் கிடைக்கவே இல்லையென்றால், 10 லிட்டர் ஆர்.ஓ. தண்ணீரில் 1 கிராம் கால்சியம் சல்ஃபேட், அரை கிராம் எப்சம் உப்பு, அரை கிராம் சமையல் சோடா. ஜி.எச். நாலரை, கே.எச். ஒன்றரைக்குப் பக்கத்தில் வரும். கால்சியம் சல்ஃபேட் மெதுவாகத்தான் கரையும், முதல் நாள் இரவே போட்டு வையுங்கள். மழைக்காலத்தில் முதல் இரண்டு மூன்று மழையை விட்டுவிட்டு மாடித் தண்ணீரைப் பிடித்தால் ஆர்.ஓ. செலவும் மிச்சம். தகரக் கூரைத் தண்ணீர் மட்டும் வேண்டாம், துத்தநாகம் கலந்திருக்கும்.

தண்ணீர் சரியான பிறகு வெளிச்சம். இரண்டடி நீளம், ஓரடி அகலம், ஓரடி உயரத் தொட்டியில் மண்ணும் இடைவெளியும் போக 45 லிட்டர் நிற்கும். இதற்கு 1000 லூமென் தரும் 10 வாட் வெள்ளை எல்.இ.டி., 6500 கெல்வின், போதும். டைமர் போட்டு முதல் மூன்று வாரம் 6 மணி நேரம், பிறகு 8 மணி நேரம். ஜன்னல் ஓரம் வைக்க வேண்டாம். பாசி பிடித்தால் உரத்தைக் குறைப்பதற்கு முன் வெளிச்சத்தைக் குறையுங்கள். புதுத் தொட்டியில் கண்ணாடி மேல் படியும் பழுப்புப் பாசி சில வாரங்களில் தானே போய்விடும். நாற்றமடிக்கும் நீலப்பச்சைப் படலம் வேறு சங்கதி. அதை உறிஞ்சி எடுத்து, தண்ணீர் ஓட்டத்தைக் கூட்டி, மூன்று நாள் தொட்டியை இருட்டாக்க வேண்டும். அந்த மூன்று நாளும் காற்று மோட்டார் நிற்கக் கூடாது.

இந்த அளவு வெளிச்சத்துக்குச் சிலிண்டர் தேவையில்லை. லிட்டருக்கு 40 லூமெனுக்கு மேல் போனால்தான் வேண்டும். அப்போதும் விளக்கு எரிவதற்கு ஒன்றிரண்டு மணி முன்பே திறந்து, அணைவதற்கு ஒரு மணி முன்பு மூட வேண்டும். இரவெல்லாம் விட்டால் காலையில் மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து நிற்கும். சர்க்கரையும் ஈஸ்ட்டும் போட்ட பாட்டிலை நாங்கள் யாருக்கும் சொல்வதில்லை. ஒரு நாள் அதிகம், மறுநாள் குறைவு என்று வாயு ஏறி இறங்கினால் இலை ஓரத்தில் கருந்தாடிப் பாசி வரும்.

அடியில் ஓர் அங்குலம் எருவோ உரமோ கலக்காத நம்மூர்ச் செம்மண், அதன் மேல் இரண்டு அங்குலம் 2, 3 மில்லிமீட்டர் மணல். செம்மண்ணிலேயே இரும்பு இருக்கிறது. மணலில் நாலு சொட்டு வினிகர் விட்டுப் பாருங்கள். நுரைத்தால் சுண்ணாம்பு, வேண்டாம். வெள்ளை மார்பிள் கல்லும் அப்படித்தான். அனுபியாஸ், ஜாவா ஃபெர்னின் தடித்த கிழங்குத்தண்டை மணலில் புதைத்தால் அழுகும், கல்லிலோ மரத்துண்டிலோ நூலால் கட்டுங்கள். கிரிப்டோகோரைன் இடம் மாறியதும் இலை முழுவதையும் கொட்டிவிடும். செத்ததென்று பிடுங்கிவிடாதீர்கள், வேர் உறுதியாக இருந்தால் மூன்று நான்கு வாரத்தில் துளிர்க்கும்.

உரத்துக்கு மீன் கடைப் புட்டியைத் தேடி அலைய வேண்டாம். விவசாய உரக்கடையில் 13-0-45 என்று கேட்டால் பொட்டாசியம் நைட்ரேட். 0-52-34 என்றால் மோனோ பொட்டாசியம் பாஸ்பேட். முதலாவதில் 36 கிராம், இரண்டாவதில் 3.2 கிராம், அரை லிட்டர் தண்ணீரில் கரைத்தால் 10 மில்லி கரைசல் 45 லிட்டர் தொட்டியில் லிட்டருக்கு 10 மில்லிகிராம் நைட்ரேட்டும் 1 மில்லிகிராம் பாஸ்பேட்டும் தரும். வாரம் 5 மில்லியில் தொடங்குங்கள். தண்ணீரிலேயே நைட்ரேட் நிறைய இருந்தால் 13-0-45-க்குப் பதில் பொட்டாசியம் சல்ஃபேட். இரும்புக் கரைசல் தனிப் புட்டியில்தான் இருக்க வேண்டும், பாஸ்பேட்டோடு சேர்ந்தால் அடியில் படிந்துவிடும். போர் தண்ணீர்க்காரர்கள் இ.டி.டி.ஏ. என்ற பொருளோடு பிணைத்த இரும்பு வாங்கிப் பயனில்லை. கார நீரில் அது நிலைக்காது, டி.டி.பி.ஏ.-வோடு பிணைத்தது ஓரளவு நிற்கும். 19-19-19-ஐயும் யூரியாவையும் தொட்டிப் பக்கமே கொண்டுபோகக் கூடாது. அவற்றின் நைட்ரஜனில் பெரும்பகுதி அமோனியாவாக மாறி மீனைக் கொன்றுவிடும்.

எது குறைகிறது என்பதை இலையே காட்டும். பழைய இலை முழுதும் மஞ்சளானால் நைட்ரஜன். பழைய இலையில் ஊசி குத்தியது போல் ஓட்டை விழுந்தால் பொட்டாசியம். புது இலை வெளிறி நரம்பு மட்டும் பச்சையாக நின்றால் இரும்பு.

இனி கழுவுவது. வாரம் 25 முதல் 30 சதவீதம் தண்ணீர் மாற்றினால் போதும். முழுதும் காலி செய்தால் வேர் அறுபடும், அமோனியாவைச் சிதைக்கும் பாக்டீரியா போய்விடும். ஃபில்டர் ஸ்பாஞ்சைத் தொட்டியிலிருந்து எடுத்த தண்ணீரில் பிழியுங்கள், குழாயடியில் அல்ல. வெட்டிப்போட்ட செடியை ஏரியிலோ ராஜகால்வாயிலோ எறியாமல் வெயிலில் காயவைத்து உரக்குழியில் போடுங்கள். வெங்காயத்தாமரையும் ஒரு காலத்தில் அழகுக்கு வந்த செடிதான், இன்று பெள்ளந்தூர் ஏரி அதனோடு படும் பாடு தெரியும்.

உங்களிடம் ஒரு வேண்டுகோள். கே.ஆர்.எஸ். அணையின் நீர்மட்டத்தைப் போடுகிறீர்கள். குடிநீர் வாரியத்திடம் கேட்டு, பகுதிவாரியாகக் குழாய்த் தண்ணீரின் கடினத்தன்மையையும் மாதம் ஒருமுறை ஒரு மூலையில் வெளியிட முடியுமா?

இப்படிக்கு,
செடித்தொட்டி வளர்க்கும் நண்பர்கள்,
அல்சூர், பெங்களூரு.