தேன் வைரஸைக் கொல்லுமா? வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு, வணக்கம்.

மழைக்காலம் வந்தால் கடையில் அதிகம் கேட்கப்படும் கேள்வி இது. "கொல்லும்" என்று சொன்னால் நாலு புட்டி கூடுதலாக விற்கும். ஆனால் சோதனைத் தட்டில் நடப்பது வேறு, உடம்புக்குள் நடப்பது வேறு.

2014-இல் ஜப்பானில் வெளிவந்த ஆய்வொன்றில், மனுக்கா என்ற நியூசிலாந்துச் செடியின் தேன், இன்ஃப்ளுயன்சா (ஃப்ளூ காய்ச்சல்) வைரஸ் பெருகுவதைத் தடுத்தது. ஆனால் அது தட்டில் வளர்த்த நாய்ச் சிறுநீரகச் செல்களில் நடந்த சோதனை. அங்கே தேன் வைரஸை நேராகத் தொடுகிறது. குடிக்கிற தேன் அப்படியல்ல. தேனீ தேனில் சேர்க்கும் குளுக்கோஸ் ஆக்சிடேஸ் என்ற நொதி, தேனில் நீர் கலந்ததும் ஹைட்ரஜன் பெராக்சைடை உண்டாக்கும். புண்மேல் தடவும் தேன் கிருமியை அடக்குவதற்கு இது ஒரு காரணம். விழுங்கினாலோ நொதியை வயிறு செரித்துவிடும். பெராக்சைடை எச்சிலும் செல்களும் உடைத்துவிடும். நுரையீரலில் இருக்கும் வைரஸிடம் போய்ச் சேர எதுவும் மிஞ்சாது.

அப்படியென்றால் இருமலுக்குத் தேன் கேட்பது வீணா? இல்லை, அதற்குச் சான்று உண்டு. 2007-இல் அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் 105 பிள்ளைகளிடம் நடந்த ஆய்வில், படுப்பதற்கு அரை மணி நேரம் முன் தேன் சாப்பிட்டவர்களுக்கு, ஒன்றுமே சாப்பிடாதவர்களைவிட இரவு இருமல் குறைந்தது. அளவு: 2 முதல் 5 வயதுக்கு அரைத் தேக்கரண்டி, 6 முதல் 11 வரை ஒரு தேக்கரண்டி, அதற்கு மேல் இரண்டு. கொழகொழப்பும் இனிப்பும் தொண்டையின் எரிச்சலைத் தணிக்கின்றன என்பதுதான் விளக்கம். வைரஸ் இருந்த இடத்தில்தான் இருக்கும். பிள்ளை தூங்கும், அவ்வளவுதான். கொடுத்த பின் வாய் கொப்பளிக்கச் சொல்லுங்கள். சர்க்கரை நோய் உள்ளவர்கள் ஒரு தேக்கரண்டியில் ஏறக்குறைய 6 கிராம் சர்க்கரை என்று கணக்கில் வையுங்கள்.

ஒரு வயதுக்குக் குறைந்த குழந்தைக்கு ஒரு சொட்டும் வேண்டாம், நாக்கில் தொட்டு வைப்பதும் வேண்டாம். தேனில் பொட்டுலிசம் என்ற வாத நோயைத் தரும் கிருமியின் வித்துகள் இருக்கலாம். குழந்தையின் குடலில் அவை முளைத்து நஞ்சு சுரக்கும். காய்ச்சினாலும் வித்து சாகாது.

வெந்நீரில் கலந்தால் தேன் விஷமாகுமா என்பது அடுத்த கேள்வி. ஆகாது. கொதிநீரில் நொதி கெடும், மணம் போகும். தொண்டைக்கு இதமாக இருக்க நொதி தேவையில்லை. ஆறவிட்டு வெதுவெதுப்பாகக் கலந்தால் மணமாவது மிஞ்சும்.

வைரஸால் வரும் உதட்டுக் கொப்புளத்துக்குத் தேன் தடவலாமா என்பவர்களுக்கு: நியூசிலாந்தில் 952 பேரிடம் நடந்து 2019-இல் வெளிவந்த ஆய்வில், கானுக்கா என்ற அந்நாட்டு மரத்தின் தேன் களிம்பு தடவியவர்களுக்குப் பொதுவாக 9 நாளில் தோல் பழையபடி ஆனது, அசைக்ளோவிர் என்ற வைரஸ் மருந்துக் களிம்பு தடவியவர்களுக்கு 8 நாளில். பெரிய வித்தியாசமில்லை. ஆனால் அசைக்ளோவிர் களிம்பே ஏறக்குறைய அரை நாளைத்தான் மிச்சப்படுத்தும் என்பதையும் சேர்த்துப் பாருங்கள். தவிர, அது மருத்துவத் தரத்தில் பதப்படுத்திய தேனும் கிளிசரினும் சேர்ந்த களிம்பு. எங்கள் புட்டியில் இருப்பது சாப்பிடும் தேன். அக்கி என்றால் தேன் தடவிக் காத்திருக்கவே வேண்டாம். வைரஸ் மருந்தை 72 மணி நேரத்துக்குள் தொடங்குவதுதான் நல்லது. கண்ணருகே வந்தால் அன்றைக்கே மருத்துவரிடம் போங்கள்.

தேனீ மரங்களிலிருந்து சேர்த்துக் கூட்டில் பூசும் பிசினான புரோபோலிஸை ஏன் விற்பதில்லை? நம் ரப்பர் தோட்டத் தேனீப் பெட்டிகளில் இருக்கும் அடுக்குத் தேனீ பிசின் சேர்ப்பது இல்லையென்றே சொல்லலாம். சேர்ப்பவை இத்தாலியத் தேனீயும் கொசுத்தேனீயும். பிரேசிலில் 2021-இல் வெளிவந்த ஆய்வில், 124 கொரோனா நோயாளிகளில் வழக்கமான சிகிச்சையோடு பச்சைப் புரோபோலிஸும் பெற்றவர்கள் சீக்கிரம் வீடு திரும்பினார்கள். ஆனால் ஆக்சிஜன் தேவை குறையவில்லை. அந்தப் பிசின் அங்குள்ள ஒரு செடியிலிருந்து வருவது. இங்கே எந்த மரத்துப் பிசினோ, அதற்கு அந்த முடிவு பொருந்தாது. சிலருக்குத் தோல் ஒவ்வாமையும் வரும்.

டெங்குவுக்குத் தேன் மருந்தல்ல. காய்ச்சலோடு கடும் வயிற்றுவலி, ஓயாத வாந்தி, ரத்தக்கசிவு கண்டால் நேராக மருத்துவமனைக்குப் போங்கள்.

கடைசியாகப் புட்டி. நம் ஊர்த் தேனில் நீர் 20 சதவீதத்தைத் தாண்டுவது உண்டு. ஈரக் கரண்டி போட்டால் நொதித்துப் புளிக்கும், நுரை வரும், மூடி உப்பும். குளிர்பெட்டியில் வைத்தால் உறையும். அது கலப்படமல்ல, 40 பாகை செல்சியஸுக்கு மேல் போகாத வெந்நீரில் புட்டியை வைத்தால் இளகிவிடும். நுரைத்த புட்டியைக் கடைக்கு எடுத்து வாருங்கள், மாற்றித் தருகிறோம்.

இப்படிக்கு,
கடைக்காரர்கள், மார்த்தாண்டம்