தங்கக் கவசம் யாருக்கு?

அன்புள்ள செந்தில்,

உன் கடிதம் வந்து பத்து நாளாகிறது, தாமதத்துக்குக் கோபித்துக்கொள்ளாதே. உங்கள் குழு உருவாக்கிய ஆன்லைன் ஆட்டத்தை, வெளியான மூன்றே மாதத்தில் இருபதாயிரம் பேர் ஆடுகிறார்கள் என்றால் அது லேசுப்பட்ட காரியமில்லை. சீசன் (ரேங்க் போட்டியின் ஒரு சுற்றுக்காலம்) முடிவில் மேல் ரேங்க்காரர்களுக்கு மட்டும் ஒரு தங்கக் கவசம் கொடுக்கலாமா, கொடுத்தால் மற்றவர்கள் மனம் விட்டுப் போவார்களா என்று குழுவுக்குள்ளேயே இரண்டு கட்சியாகிவிட்டதாக எழுதியிருந்தாய். நான் கொடுக்கலாம் கட்சி. காசு இருந்தால் எந்த ஸ்கின்னும் (பாத்திரத்தின் தோற்றத்தை மாற்றும் உடை) கிடைக்கும் என்றாகிவிட்ட காலத்தில், ஆடித்தான் வாங்க வேண்டும் என்று ஒரு பொருளாவது இருக்கட்டும். கவசம் அடியைக் கூட்டாது, காயத்தைக் குறைக்காது. அது கிடைக்காதவனுக்கு ஆட்டத்தில் ஒரு நஷ்டமும் இல்லை.

ஆனால் நீ அனுப்பிய விதி எனக்கு உறுத்துகிறது. 'சீசனில் ஒரு தடவை 1600 புள்ளியைத் தொட்டால் போதும்.' இதில் திறமை எங்கே இருக்கிறது?

கணக்குப் போட்டுப் பார். ஜெயித்தால் ஏறி, தோற்றால் இறங்கும் எலோ என்ற புள்ளி முறையைத்தான் நீங்கள் வைத்திருக்கிறீர்கள், கே மதிப்பு (ஒரு ஆட்டத்தில் மாறக்கூடிய அதிகபட்சப் புள்ளி) 32. சம பலம் உள்ளவரை ஜெயித்தால் 16 ஏறும், தோற்றால் 16 இறங்கும். உண்மையான பலம் 1500 உள்ள ஒருவருடைய புள்ளி 1500-இலேயே நிற்காது. தொடர் வெற்றியும் தொடர் தோல்வியும் மாறி மாறி வர, ஏறக்குறைய 50 புள்ளி அப்படியும் இப்படியும் ஆடிக்கொண்டே இருக்கும். சீசனுக்கு 400, 500 ஆட்டம் ஆடுகிறவர் என்றால், ஏதோ ஒரு நல்ல நாளில் 1600-ஐத் தொட்டுவிடுவது ஆச்சரியமே இல்லை. அதே பலம் உள்ள இன்னொருவர் வாரக் கடைசியில் மட்டும் ஆடி, 40 ஆட்டத்தோடு நிறுத்தினால் பெரும்பாலும் தொட மாட்டார். ஆக, உன் கவசம் நேரம் நிறைய உள்ளவனுக்குப் போகிறது, கை தேர்ந்தவனுக்கு அல்ல. இன்னொரு கூத்தும் நடக்கும். 1600-ஐத் தொட்ட மறுநிமிடம் அவர் ரேங்க் ஆட்டத்தை மூடிவிட்டுப் போய்விடுவார். ஆடினால் புள்ளி போகும், ஆடாவிட்டால் கவசம் உறுதி. மேல்தட்டில் எதிராளி கிடைக்காமல் காத்திருப்பு வரிசை நீளுவதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

தொட்டால் போதும் என்பதை எடுத்துவிட்டு, 1600-க்கு மேல் இருக்கும்போது 25 ஆட்டம் ஜெயிக்க வேண்டும் என்று வை. நம் 1500-காரர் அதிர்ஷ்டத்தில் 1600-க்கு ஏறினாலும் அங்கே அவருக்கு வரும் எதிராளிகள் உண்மையான 1600-காரர்கள். நூறு புள்ளி வித்தியாசத்தில் அவர் ஜெயிக்கும் வாய்ப்பு சுமார் 36 சதவீதம். பத்து ஆட்டம் ஆடினால் சராசரியாக 40 புள்ளி அளவுக்கு இழந்து கீழே வந்துவிடுவார். அங்கேயே காலூன்றி நிற்கக்கூடியவர்தான் 25-ஐ முடிப்பார், அதுவும் ஆடித்தான் முடிக்க முடியும். இது என் சரக்கு இல்லை. ராக்கெட் லீக் ஆட்டத்தில் ஒவ்வொரு ரேங்க் படியின் பரிசுக்கும் 10 வெற்றி வேண்டும், அந்தப் படியிலோ அதற்கு மேலோ இருக்கும்போது பெற்ற வெற்றிதான் எண்ணப்படும். வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்டில் முன்பு கிளாடியேட்டர் பட்டமும் அதோடு வரும் பறக்கும் வாகனமும் ஏணியின் (ரேங்க் பட்டியல்) மேல் 0.5 சதவீதத்துக்கு என்று இருந்தது. 2018-இல் அதை 2400 புள்ளிக்கு மேல் இருந்து 50 வெற்றி என்று மாற்றினார்கள்.

சதவீதக் கணக்கு பார்க்க அழகாக இருக்கும், உள்ளே சிக்கல். ஏணியில் எத்தனை பேர் இருக்கிறார்கள் என்பதைப் பொறுத்து பரிசு எண்ணிக்கை மாறும். போலி ஐடி ஆயிரம் திறந்து ஏணியை அகலமாக்கினால் மேல் 0.5 சதவீதத்தில் இன்னும் ஐந்து இடம் முளைக்கும். சீசனின் கடைசி நாளில் கோட்டுக்கு மேலே இருப்பவன் ஆடவே மாட்டான், கீழே இருப்பவன் விடிய விடிய ஆடுவான். எனவே கவசம் போன்ற பொருளுக்கு 1600 மாதிரி நிலையான புள்ளி வரம்பு வை. முதல் 500 பேர் போன்ற எண்ணிக்கைக் கணக்கை, அடுத்த சீசனில் தானாக மறையும் ஒரு பட்டத்துக்கு மட்டும் வைத்துக்கொள். பப்ஜி மொபைலின் கான்குவரர் இந்த வகைதான், சர்வருக்கு முதல் 500 பேர். அங்கே உயிரோடு நிற்பதற்கே புள்ளி உண்டு என்பதால் ரேங்க் புஷ் பண்ணுகிறவர்கள் (ரேங்க்கை ஏற்றுவதற்காகவே ஆடுகிறவர்கள்) புல்லுக்குள் படுத்துக் கிடக்கிறார்கள். நீ எதற்குப் புள்ளி தருகிறாயோ அதைத்தான் ஆடுவார்கள், அவர்களைக் குறை சொல்லிப் பயனில்லை.

புதிய ஐடிகளின் சிக்கலையும் பார்த்துக்கொள். ஒருவருடைய புள்ளி எவ்வளவு நம்பத்தக்கது என்பதை எலோ கணக்கில் எடுப்பதே இல்லை. மைக்ரோசாஃப்டின் ட்ரூஸ்கில் முறையில் ஒவ்வொருவருக்கும் இரண்டு எண்: திறமையின் கணிப்பான சராசரி 25-இல் தொடங்கும், அந்தக் கணிப்பில் உள்ள ஐயம் 8.33-இல் தொடங்கும். தரப்பட்டியலுக்குச் சராசரியிலிருந்து ஐயத்தின் மூன்று மடங்கைக் கழிப்பார்கள், அதனால் புது ஆள் பூஜ்யத்தில் நிற்பார். ஐந்து ஆட்டம் தொடர்ந்து ஜெயித்தவுடன் கவசம் விழாது. எலோவையே வைத்திருப்பதானால், முதல் 30 ஆட்டத்துக்குள் பெறும் வெற்றியைப் பரிசுக்கு எண்ணாதே.

இனி திருட்டு வேலைகள். பரிசு மதிப்புள்ளதாக இருந்தால் இவை வரும், வராவிட்டால் உன் கவசத்தை யாரும் விரும்பவில்லை என்று அர்த்தம். முதலாவது பூஸ்டிங். கெட்டிக்காரனிடம் ஐடியைக் கொடுத்து ஆடச் சொல்வது. ஏபெக்ஸ் லெஜண்ட்ஸில் ஒரே ஆட்டத்தில் 20 கொலை, 4000 சேதம் ஆகிய பேட்ஜ்களுக்குக் கூலிக்கு ஆடுபவர்கள் பெருகியது அந்த ஆட்டத்தை அறிந்தவர்களுக்குத் தெரியும். தென்கொரியாவில் இதற்கென்றே சட்டம் போட்டு 2019 ஜூனில் நடைமுறைக்குக் கொண்டுவந்தார்கள். தொழிலாகச் செய்பவருக்கு 2 ஆண்டு வரை சிறை அல்லது 2 கோடி வொன் வரை அபராதம். உனக்குச் சட்டம் வேண்டாம், பதிவேடு போதும்: புதுச் சாதனம், மவுஸ் சென்சிடிவிட்டி திடீர் மாற்றம், வழக்கமில்லாத ஆயுதம், கூடவே ஒரே இரவில் 200 புள்ளி ஏற்றம். நான்கில் ஒன்று தற்செயல், மூன்று சேர்ந்து வந்தால் ஆள் மாறியிருக்கிறார்.

இரண்டாவது வெற்றி மாற்று. ஆள் குறைவான நள்ளிரவில் இரண்டு பேர் ஒரே நேரத்தில் வரிசையில் நின்று ஒருவருக்கொருவர் தோற்றுக்கொடுப்பார்கள். ஒரே எதிராளியுடன் 24 மணி நேரத்தில் மூன்றாவது ஆட்டத்திலிருந்து பரிசு வெற்றி எண்ணப்படாது என்று ஒரு வரி சேர்த்தால் முக்கால்வாசி அடங்கும். பரிசை சீசன் முடிந்த அன்றே கொடுக்காதே. இரண்டு வாரம் நிறுத்தி வை. கொடுத்ததைப் பிடுங்குவதைவிடக் கொடுக்காமல் இருப்பது எளிது.

தங்கக் கவசத்துக்கு உங்கள் ஓவியர் ஆறு வாரம் செலவழிக்கப் போகிறார் என்கிறாய். அதை நூறு பேர் அணிவார்கள். இது எனக்கு ஒப்பவில்லை. கவசத்தின் வடிவத்தை, 15 ரேங்க் ஆட்டம் ஜெயித்த எல்லோருக்கும் கொடு. வரம்பு தாண்டியவருக்கு அதே கவசத்தின் பொன் நிறமும் தோளில் ஓர் ஒளிக்கீற்றும். லீக் ஆஃப் லெஜண்ட்ஸ் இந்த வழிக்குத்தான் வந்து சேர்ந்தது. 2011 சீசனில் தொடங்கிய விக்டோரியஸ் ஸ்கின் பல ஆண்டுகள் கோல்டு ரேங்க்குக்கும் அதற்கு மேலும் மட்டும் என்று இருந்தது. 2023-இலிருந்து கீழ் ரேங்க்காரரும் ஆடிப் பெறலாம், ரேங்க்கைக் காட்டுவது நிற மாறுபாடுதான். கீழே இருப்பவனுக்கும் ஏணியில் கால் வைக்க ஒரு காரணம் இருக்கும், மேலே இருப்பவனுடைய பெருமையும் குறையாது.

நிறத்தில் கவனம். 2020-இல் வார்சோன் என்ற துப்பாக்கி ஆட்டத்தில் ரோஸ் என்ற பாத்திரத்துக்கு வந்த முழுக் கறுப்பு உடை இருட்டு மூலைகளில் கண்ணுக்கே தெரியவில்லை என்று பெரிய புகார் எழுந்து, பிறகு அதைத் திருத்தினார்கள். கெட்டிக்காரனுக்கு அப்படி ஒரு உடை கொடுத்தால் ஏற்கெனவே ஜெயிப்பவனுக்கு மேலும் ஒரு கை கொடுத்தது போல. தோளின் அகலம், தலையின் வடிவம் இரண்டையும் தொடாதே. எதிராளி ஆளை அடையாளம் காண்பது அவற்றால்தான். லாபியில் (ஆட்டத்துக்கு முன் காத்திருக்கும் இடம்) பொன் கவசத்தைப் பார்த்ததும் எதிரில் இருப்பவன் வெளியேறிவிடுகிறான் என்றால், ஆட்டம் தொடங்கிய பிறகே அது தெரியும்படி வை.

1973-இல் லெப்பர், கிரீன், நிஸ்பெட் மூவரும் படம் வரையப் பிரியப்பட்ட குழந்தைகளிடம் ஒரு சோதனை செய்தார்கள். பரிசு உண்டு என்று சொல்லி வரைய வைத்த குழந்தைகளுக்குப் பிறகு அந்த ஆசையே குறைந்தது. எதிர்பாராமல் பரிசு பெற்றவர்களுக்குக் குறையவில்லை. குழந்தைகளையும் ரேங்க் ஆட்டக்காரர்களையும் ஒன்றாக்க முடியாதுதான். இருந்தாலும் சீசனுக்கு ஒரு சின்னப் பரிசையாவது முன்கூட்டி அறிவிக்காமல் வைத்துப் பாரேன்.

ஒன்று மட்டும் செய்து அனுப்பு. முடிந்த சீசனின் கடைசி நாள் புள்ளிகளை 25, 25 ஆகப் பிரித்து, ஒவ்வொரு பிரிவிலும் எத்தனை பேர் என்று ஒரு வரைபடம். 1600-க்குச் சற்று மேலே திடீரென ஒரு குன்றும், அதற்குச் சற்றுக் கீழே ஒரு பள்ளமும் இருந்தால் தொட்டுவிட்டு உட்கார்ந்தவர்கள் அங்கேதான் இருக்கிறார்கள். குன்று எவ்வளவு உயரம் என்று பார்த்துவிட்டு 25 வெற்றியா 40-ஆ என்று முடிவு செய்வோம்.

அன்புடன்,
ரவி