அழகர் ஆற்றில் இறங்குமுன் தம்பிக்கு

கோபே, ஜப்பான்
பங்குனி 25

அன்புள்ள தம்பிக்கு,

இங்கே நலம். அம்மாவுக்கு முட்டிவலி குறைந்ததா? இந்த வருஷமும் அழகர் இறங்குகிற அன்று கோரிப்பாளையம் பக்கம் தொண்டுக்கு நிற்கிறாயாமே. அதனால்தான் கூட்ட நெரிசலைப் பற்றி எழுதுகிறேன்.

இங்கே பல ஊர்களில் சாயங்காலமானால் தெரு ஒலிபெருக்கியில் ஒரு மெட்டு வரும். ஆபத்துக்கால ஒலிபெருக்கி வேலை செய்கிறதா என்று தினமும் பார்க்கிற சோதனை அது. பழகின இடத்திலிருந்து வரும் குரலைத்தான் அவசரத்தில் ஜனம் நம்பும். அந்தக் குரல் வராவிட்டால் பக்கத்து ஆளின் முகத்தைப் பார்க்கும். அவர் அசையாவிட்டால் தானும் அசையாது. அவர் அலறினால் தானும் அலறும்.

பக்கத்து ஊர் அகாஷியில் 2001 ஜூலை 21 அன்று வாணவேடிக்கை. ரயில் நிலையத்திலிருந்து கடற்கரைக்கு 6 மீட்டர் அகல நடைபாலம். அது முடிகிற இடத்தில் படிக்கட்டு அதில் பாதி அகலம்தான். கீழே கடைகள் வேறு. வருகிற கூட்டமும் திரும்புகிற கூட்டமும் அங்கே முட்டி, ஒருவர்மேல் ஒருவர் சாய்ந்து 11 பேர் செத்தார்கள். அதில் 9 பேர் குழந்தைகள். இப்படி நடந்தால் 'பீதியில் ஓடினார்கள்' என்பார்கள். அங்கே ஓட இடமே இல்லை. நெஞ்சு அமுங்கித்தான் மூச்சு நின்றது.

மீட்டருக்கு மீட்டர் கட்டத்தில் 4 பேர் என்றால் அவரவர் காலால் நடக்கலாம். 6, 7 ஆனால் கூட்டம் தண்ணீர் மாதிரி அலையடிக்கும். கையைத் தூக்கி முகம் துடைக்க முடியவில்லையா, எல்லை தாண்டிவிட்டது.

பின்னால் நிற்பவனுக்கு இது தெரியாது. அவனுக்கு அது சந்தோஷம். முன்னால் எழும் அலறல் அவன் காதில் இன்னொரு 'கோவிந்தா'தான். 2022இல் அழகர் இறங்கிய அன்று நெரிசலில் இரண்டு பேரைப் பறிகொடுத்தோமே, கொரோனாவால் இரண்டு வருஷம் ஆற்றுப்பக்கம் போகாத ஏக்கம் மொத்தமும் அன்று அங்கே கூடியிருந்தது. 'தள்ளாதீங்க' என்று முன்வரிசையிடம் கத்தி என்ன பயன்? மாடியில் ஓர் ஆளை நிறுத்து. செல்போன் அந்த நெரிசலில் எடுக்காது. விசிலும் கொடியும் கொடு. அவர் காட்டியதும் கடைசியில் வருகிறவர்களை முதலில் நிறுத்தி, பக்கத்துச் சந்து வழியைத் திறந்துவிடு. முன்வரிசையைப் பின்னால் நெட்டவே நெட்டாதே.

பேச்சும் முக்கியம். 2013 ஜூனில் தோக்கியோவின் ஷிபுயாவில் ஜப்பான் கால்பந்து உலகக் கோப்பைக்குத் தகுதி பெற்றதைக் கொண்டாடிய கூட்டத்தை, வண்டிமேல் நின்ற ஒரு போலீஸ்காரர் மைக்கிலேயே அடக்கினார். அதட்டவில்லை. எங்களுக்கும் சந்தோஷம்தான், நாமெல்லாம் ஒரே அணி என்ற தோரணையில் பேசினார். நீயும் 'பயப்படாதீங்க' என்று தொடங்காதே, அதைக் கேட்டதும்தான் பயமே வரும். 'எல்லாரும் அழகரைப் பாக்கத்தான் வந்திருக்கோம், முன்னால பிள்ளைக இருக்கு, பத்தடி பின்னால போங்க சாமி' என்று சொல். என்ன நடந்தது, எந்தப் பக்கம் போகணும், மறுபடி எப்போது சொல்வாய் என்பதும் அதில் வரட்டும். ஒரே குரல் பேசட்டும். நாலு மைக் வேண்டாம்.

நீர்மோர்ப் பந்தலைச் சந்து முனையில் போடாதீர்கள், உள்ளே தள்ளிப் போடுங்கள். மைக்குக்கு மாற்று பேட்டரி எடுத்துக்கொள். அம்மாவை ஆற்றுக்குக் கூட்டிப் போகாதே. ஏதாவது மண்டகப்படியில் நிதானமாகச் சாமி பார்க்கட்டும்.

அன்புடன்,
அக்கா